நாலு மணி நேரப் பல் வலி

"பல் டாக்டர்கிட்ட நாலு மணி நேரமா? உனக்கு மொத்தமா இருக்கிறதே பதினோரு பல்லு!"

மியூரியல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். டெஸ்மண்ட் கோட்டுப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டினார்.

"வேர் வரைக்கும் பார்க்கணுமாம்."

"நல்லாப் பார்க்கட்டும். ரெண்டு மணிக்குள்ள வந்து சேரு டெஸ். மத்தியானத் தூக்கம் போச்சுன்னா அப்புறம் உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

டெஸ்மண்ட் வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டார்.

ஹாலிஃபாக்ஸ் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் கம்பளம் விற்றவர் அவர். எத்தனையோ பொய்யை முகம் மாறாமல் சொன்னவர்தான். ஆனால் இது வேறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மனைவி மியூரியல் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று பாதிரியார் வீட்டு மதிலைச் சாய்த்தாள். அன்றைக்கே சாவியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அத்தோடு விட்டாரா? கிறிஸ்துமஸ் விருந்தில், வான்கோழியை வெட்டியபடியே, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சவடால் அடித்தார்: "என்னைக்கு நான் ஸ்பீடுக்கு மாட்டுறேனோ, அன்னைக்குச் சாவி உன் கையில!"

இப்போது மாட்டிவிட்டார்.

போன மாதம் போலீஸிடமிருந்து கடிதம் வந்தது. மணிக்கு முப்பது மைலைத் தாண்டக் கூடாத சாலையில் முப்பத்தாறு. கேமராவில் விழுந்த காரின் பின்பக்கப் படம், நம்பர் பளிச்சென்று. 'ஓட்டியது யார்?' என்ற கட்டத்தில் மளமளவென்று தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸில் கறுப்புப் புள்ளி வேண்டாமென்றால் ஒரு காலை வகுப்பில் உட்கார வேண்டும் என்று பதில் வந்தது. அந்த வகுப்புக்குத்தான் இந்தப் பல் வலி.

ஓட்டல் மாடியில் வகுப்பு. பதினெட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடத்த வந்த ஃபியோனா கலகலப்பான பெண்.

"வீட்ல பல் டாக்டர்னு சொல்லிட்டு வந்தவங்க கையைத் தூக்குங்க."

ஏழு கைகள் எழுந்தன. எட்டாவதாக டெஸ்மண்டின் கை. அறையே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"நீங்க எத்தனையில மாட்டினீங்க சார்?" என்று ஃபியோனா அவரைக் கேட்டாள்.

"முப்பத்தாறுன்னு எழுதியிருக்காங்க. முப்பத்திரண்டுக்கு முடிச்சுக்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன்."

"கம்பளக் கடைக்காரரா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எங்கம்மாவுக்கு நீங்க வித்த கம்பளம் ஒரே மழைக்காலத்துல சாயம் போச்சு சார்."

மறுபடி சிரிப்பு. ஆனால் பாடம் தொடங்கியதும் டெஸ்மண்டை மிஞ்ச ஆளில்லை. தெருவிளக்கு வரிசையாக இருந்தால் முப்பதுதான் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. மழையில் பிரேக் பிடித்தால் கார் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்பதுகூட நுனி நாக்கில் இருந்தது.

ஃபியோனாவே அசந்து போனாள். "இவ்வளவு தெரிஞ்சவர் எப்படி சார் மாட்டினீங்க?"

"அதாம்மா எனக்கும் விளங்கல. ராத்திரி பகலா யோசிச்சும் ஞாபகம் வரல. வயசு எழுபத்திரண்டு. மூளை கழண்டுக்கிச்சு போல."

கிளம்பும்போது ஃபியோனா சொன்னாள்: "வகுப்பு முடிஞ்சது சார். கஷ்டமான பரீட்சை வீட்லதான்."

வழியெல்லாம் இருபத்தெட்டில் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"பல் டாக்டர்கிட்ட போகல மியூரியல். ஸ்பீடுக்கு மாட்டிக்கிட்டேன். அதுக்கான வகுப்புக்குப் போயிட்டு இப்பதான் வரேன். சொன்ன சொல் சொன்னதுதான். இந்தா சாவி."

மியூரியல் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது.

"எங்க மாட்டினே?"

"மில் ரோட்ல. போன மாசம் நாலாம் தேதி. புதன்கிழமை, மத்தியானம் மூணு பத்து."

கேலி மழை கொட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டாள். கிட்டே வந்து அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அப்பத்தில் பெரிய துண்டை அவர் தட்டில் போட்டாள்.

"மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும் டெஸ். விடு. சூடா சாப்பிட்டுப் போய்ப் படு."

இப்படி ஒரு மனைவியிடமிருந்தா பதினோரு வருஷம் சாவியை ஒளித்து வைத்தோம் என்று டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரம் இறங்கிய மனசு, நிறைந்த வயிறு. ரெண்டு மணிக்குப் படுத்தவர் ரெண்டு ஐந்துக்கெல்லாம் குறட்டை விட்டார்.

குறட்டை சீரானதும் மியூரியல் தங்கைக்குப் போன் போட்டாள்.

"பெரில், இனிமே நான் உன்னைக் கூட்டிட்டு பிங்கோ ஆடப் போக, அவர் தூங்கறப்போ கோட்டுப் பையைத் துழாவ வேண்டாம்டி, சாவியை அவரே குடுத்துட்டாரு! போன மாசம் ஒரு புதன்கிழமை, லேட்டாச்சு, வேகமா ஓட்டுன்னு மில் ரோட்ல நீ என்னை வெரட்டினியே... பாவம், அதுக்கு இன்னைக்கு மனுஷன் நாலு மணி நேரம் வகுப்புல உட்கார்ந்துட்டு வந்திருக்காரு!"