சிவப்பி வச்ச காலடி

"குடியிருப்புப் பகுதியில மாடு கட்டக் கூடாதும்மா. நகராட்சி ரூல். வெள்ளிக்கிழமைக்குள்ள வெளியேத்திடு."

சொன்ன நகராட்சி ஆய்வாளரின் பக்கத்தில் நின்ற இராமகிருஷ்ணன் செருப்பைத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்கும் மிதிச்சேன் சார். தெரு பூரா சாணி. மனுஷன் நடக்கிறதா, வேணாமா?"

காலனி சங்கச் செயலாளர். மனு போட்டதே அவர்தான். அவர் சொன்னதும் நியாயம்தானே?

லோகநாயகி தன் பசு சிவப்பியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அம்பத்தூருக்கு மேற்கே இதெல்லாம் வேர்க்கடலைக் கொல்லையாக இருந்தபோது சிவப்பியின் தாய் இங்கேதான் மேய்ந்தது. எண்பது, எண்பத்தொன்றில்தான் ஒவ்வொரு வீடாக வந்தது. கிரகப்பிரவேசம் என்றால் விடியற்காலையில் முதல் ஆளாக லோகநாயகியைத்தான் எழுப்புவார்கள். மாட்டுக்கு மஞ்சள், குங்குமம், சீப்புப் பழம். அடடா, என்ன மரியாதை அன்றைக்கெல்லாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் இராமகிருஷ்ணன் பத்திரிகையோடு வந்து நின்றார்.

"நாளைக்கு என் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்மா. மாடும் கன்னும் வேணும். எங்க தேடியும் கிடைக்கல."

அவர் தலை மறைந்ததும் புருஷன் எத்திராஜ் கொதித்தான். "இன்னா நெஞ்சழுத்தம் பாத்தியா? நீ போவாத."

"நல்ல காரியத்துக்குக் கூப்டுகீறாரு. எப்டிய்யா வரமாட்டேன்றது?"

வெள்ளிக்கிழமை. புது மொசைக் தரையில் சிவப்பி தயங்கித் தயங்கிக் கால் வைத்தது. பின்னாலேயே கன்று. ஹால் நடுவில் சிவப்பி நின்று, சொத்தென்று சாணி போட்டது.

லோகநாயகிக்கு உயிரே போய்விட்டது. கையால் வாரக் குனிந்தாள்.

"தொடாதம்மா, தொடாத." இராமகிருஷ்ணன் ஓடிவந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "மகாலட்சுமியே வந்துட்டா. அப்படியே இருக்கட்டும். யாரும் மிதிச்சிடாதீங்க."

விருந்துக்கு வந்திருந்த ஆய்வாளரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லோகநாயகி சிவப்பியைத் திருப்பினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திருமழிசையில் அண்ணன் வீட்டுக்கு மாட்டை ஏற்றிப் போக, எத்திராஜ் டெம்போவோடு காத்திருந்தான்.

"எங்கம்மா அதுக்குள்ள? டிபன் சாப்பிட்டுப் போ" என்றார் இராமகிருஷ்ணன்.

"இருக்கட்டும் சார், நல்லா இருங்க. இன்னிக்குத்தான கெடு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தெருவுல எல்லா ஊட்டுக்குள்ளயும் மொதக் காலு வச்சது இதும் இதோட ஆத்தாளும்தான். இது நிக்கத்தான் எடமில்ல."