எட்டாம் நம்பர் வீடு

"ஜிபெக் ஜோலு தெரு, எட்டாம் நம்பர். இந்த மாசம் மட்டும் பதினோரு தடவை போயிருக்க," என்றாள் பெர்மெட்.

உலர்பெக் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா?"

"உன் போன்தான். அந்தத் தெருவுக்குன்னு டாக்ஸிக்காரங்க அனுப்புன மெசேஜ்லேர்ந்து வீட்டு நம்பரை மட்டும் உருவுற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். எனக்கு அது ஒரு வரி வேலை. எட்டாம் நம்பர்ல உன் பழைய காதலி சோல்பன் இருக்கா. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நீதான் அந்த வீட்டைக் காட்டின."

"அங்க நான் போகவே இல்ல."

"அப்ப பதினோரு எட்டும் பொய் சொல்லுதா?"

அவன் போனை அவள் முன்னால் தள்ளினான். "நீயே படி."

முதல் மெசேஜ்: ஜிபெக் ஜோலு, 128. அடுத்ததும் 128. எல்லாமே 128.

பெர்மெட்டின் முகம் சுருங்கியது. எண்ணுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிவிடு என்று அவள் எழுதிய வரி, கடைசி இலக்கத்தை மட்டுமே எண்ணாக எடுத்துக்கொண்டு, ஒன்றையும் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு எட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு.

வெட்கத்தோடு நிம்மதியும் வந்தது. பிறகுதான் அந்த எண்ணை நிதானமாகப் படித்தாள்.

"நூத்தி இருபத்தெட்டு என் ஆபீஸாச்சே. நீ ஒரு நாள்கூட உள்ள வந்ததில்லையே?"

உலர்பெக் ஆறிப்போன தேநீரையே பார்த்தான்.

"எதிர்த்தாப்புல நிப்பேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் உன்கூடச் சிரிச்சுக்கிட்டே வர்றானே, அவன் யாரு?"