அலமாரிக்குப் பின்னால் ஒரு துளை

ஒரு வீடு எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் வேலை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று கட்டிய புது வீடு இது. காற்று கசியாமல் தேறினால்தான் கட்டியவர்கள் அதைக் குடியிருப்பவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். வாசல் நிலையை அடைத்துக் கட்டிய சிவப்புத் துணியின் நடுவே பெரிய மின்விசிறி ஒன்று காற்றை உள்ளே தள்ளிக்கொண்டு இரைகிறது. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. கண்ணாடி வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுகிறது. மீட்டரில் கசிவைக் காட்டும் எண் இறங்க மாட்டேன் என்கிறது. நான் புகைக்குச்சியோடு சுவரோரம் நடக்கிறேன். வீட்டுக்காரம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி பின்னாலேயே வருகிறார். படுக்கையறையில் புகை நூல் மாதிரி வளைந்து அலமாரிக்குப் பின்னால் போய் மறைகிறது.

"அக்கா, அடுப்புல எதையாவது கருக்கிட்டியா? இங்க புகையா வருது," என்கிறது சுவர்.

வீட்டுக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொள்கிறார். "கொஞ்சம் வாயை மூடிட்டு இருடி. அளக்கறவர் வந்திருக்கார்."

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில் இருப்பது அவருடைய தங்கை. நிறைமாதம், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவள் புருஷனுக்கு ராத்திரி வேலை.

"போன் இருக்கேக்கா?" என்கிறேன். என் வீட்டு ஆட்கள் எல்லோரும் எனக்குப் போனுக்குள்தான் இருக்கிறார்கள்.

"போன்ல அவ கூப்பிட்டாத்தான் கேக்கும் தம்பி. இதுல புரண்டு படுத்தாலே கேக்கும்."

அலமாரியை நகர்த்தி, சுவரில் இருக்கும் துளையை உள்ளங்கையால் மூடுகிறேன். எண் இறங்குகிறது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என் கையையே பார்க்கிறார்.

மறுநாள் காலை துளையைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். வீடு தேறியது. அக்காவின் படுக்கை தங்கை வீட்டுக்குப் போயிருந்தது.