எட்டாம் அத்தியாயத்துக் கிணறு

எட்டாம் அத்தியாயத்தில் அப்பா ஒளிந்திருந்தார்.

லக்சிகா அந்தப் பக்கத்தை மூன்றாம் முறை வாசித்தாள். எதிரிப்படை துரத்துகிறது. உளவாளி ஒரு பாழ்வீட்டுக் கிணற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான். தண்ணீர் அள்ள வந்த சிப்பாய் வாளியை விடுகிறான். அது உளவாளியின் தோளில் இடித்து நிற்கிறது. வெறும் வாளி மேலே போனால் சிப்பாய் எட்டிப் பார்ப்பான். உளவாளி தானே வாளியை அமிழ்த்தி நிரப்பிக் கயிற்றை விடுகிறான்.

உளவாளி என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டால் போதும். வாளி, தோள், கயிறு, எல்லாம் அப்படியே.

நூறு வருடங்களுக்கு முன் ஓர் இங்கிலாந்துக்காரர் எழுதிய நாவல் அது. உளவும் கொலையுமாக எழுபது புத்தகம் எழுதியவர் ஒரு போர்க்களத்தையும் கண்ணால் கண்டதில்லை என்றது முன்னுரை. அவரைப் பற்றித்தான் லக்சிகா பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்பா சிவபாதம் இந்தக் கதையைத்தான், ஊரில் இராணுவத்திடமிருந்து தான் தப்பிய கதையாக, அகதி விசாரணையில் சொன்னார். அதைக் கேட்டுத்தான் கனடா அவரை இருக்க விட்டது. அதன்பிறகு கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் அந்த வாளி இறங்கி ஏறியது. இன்று மூன்று மணிக்குப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில், கமராவுக்கு முன்னால் சொல்லப்போகிறார். அவருடைய பெயரைக் கொடுத்தவளே லக்சிகாதான்.

கீழே அம்மா யோகராணியின் குரல் கேட்டது.

“காலமை கோயிலில மானம் போச்சு. வீட்டு ஆக்கள் மூண்டு பேருக்கும் அர்ச்சனை, சரி. வழமைபோல நாலாவதா ஒண்டு. பேருமில்லை, நட்சத்திரமுமில்லை. ஐயரும் வருசாவருசம் கேட்டுக் களைச்சுப்போனார்.”

“சாமி பேரில செய்யச் சொன்னனான்தானே. சாமியே கோவிக்கேல்லை, உமக்கென்ன?”

“ஆரெண்டு எனக்கும் சொல்லாதேங்கோ. பழைய காதலியாக்கும்.”

அப்பா சிரித்தபடி கழுத்து ரையைச் சரிசெய்தார். லக்சிகா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே வந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

401 நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. அப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

“வாளி இடிச்ச இடத்தில கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லட்டே? கமராவுக்கு நல்லாயிருக்கும்.”

அவள் அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு கோப்பிக்கடை வாசலில் காரை நிறுத்தினாள்.

“என்ன பிள்ளை, கோப்பியோ?”

அவள் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். “எட்டாம் சாப்ரர். வாசியுங்கோ.”

அவர் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து, வரி வரியாக வாசித்தார். முடித்ததும் கடகடவென்று சிரித்தார்.

“அட, றொபேட் அண்ணை!”

“ஆர் அது?”

“அந்த நேரம் எங்கட ஆக்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் குடுக்கிறவர். இங்கிலீசு நாவல் பைத்தியம். வாளி தன்ர மூளையில உதிச்சதெண்டெல்லோ சொன்னவர்!”

“சிரிக்காதேங்கோ அப்பா.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “நாலாம் வகுப்பில முழு கிளாசுக்கும் உந்தக் கதையைச் சொல்லி அழுதனான். இப்ப இதை ரெக்கோட் பண்ணினால் நானும் பொய்க்காரி. ஆரும் கண்டுபிடிச்சால் உங்கட சிற்றிசன்சிப் என்னாகும்?”

அவர் சிரிப்பு நின்றது.

“கிணறு பொய்யில்லை, பிள்ளை. ஆமி வந்தது பொய்யில்லை. வாளி மட்டும்தான் றொபேட் அண்ணையின்ர.”

“வாளி இல்லையெண்டால் எப்பிடித் தப்பினீங்கள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“நடந்ததை அவருக்குச் சொன்னனான். ‘இதைச் சொன்னியெண்டால், ஆமியால உனக்கு என்ன பயமெண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்’ எண்டார். அதோட வாயை மூடினனான். கொம்மாவுக்கும் சொல்லேல்லை.”

மூன்று மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. லக்சிகா காரை எடுத்தாள்.

“வீட்டை போவம் அப்பா. உங்களுக்குச் சுகமில்லையெண்டு சொல்லிவிடுறன்.”

“வேண்டாம். நேர போ. இண்டைக்கு நடந்ததைச் சொல்லுறன். அறுபது வயசில ஆர் என்னைத் தூக்கி அனுப்பப்போறான்?”

“என்னதான் நடந்தது?”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா புத்தகத்தை மூடினார்.

“கிணத்தடிக்கு வந்த ஆமிக்காரன் என்னிலும் சின்னப் பெடியன். எட்டிப் பாத்தவன். என்னை முகத்துக்கு முகம் வடிவாக் கண்டவன். பிறகு நிமிர்ந்து, ‘இஞ்ச ஒருத்தருமில்லை’ எண்டு தன்ர ஆக்களுக்குச் சொன்னவன்.”

விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

“அவன்ர பேர் என்ன அப்பா?”

“தெரிஞ்சால் ஐயருக்குச் சொல்லியிருக்கமாட்டனே?”