கூடவே முனகிய கம்பி

ஒரு பேஸ் கிட்டாரில் தடித்த கம்பி அக்கா, மெல்லிய கம்பி தங்கை. தங்கை எதைப் பாடினாலும் அக்காவும் அடிக்குரலில் கூடவே முனகுவாள். தங்கச்சி தனியாகத் திணறிவிடக் கூடாதாம். பாசம் என்றால் அப்படியொரு பாசம்!

ஒருநாள், அந்தக் கிட்டாரை வாசிக்கிற செல்வின், அதன் குரலையே மாற்றித் தரும் சின்த் பெடல் என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். தங்கை பாடத் தொடங்கியதும் பெடல் திக்கித் திக்கி உளறியது. செல்வின் ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தான். உளறல் நிற்கவில்லை. தங்கை அழுதேவிட்டாள்.

"அழாதே பாப்பா," என்றது பெடல். "எனக்கு ஒரு நேரத்துல ஒரு குரல்தான் புரியும். உன்கூட வேற யாரோ முனகுறாங்க."

"நான் அவளுக்குத் துணைக்குத்தானே..." என்று இழுத்தாள் அக்கா.

செல்வினுக்கும் அந்த முனகல் கேட்டுவிட்டது. கட்டைவிரலை அக்காவின் மேல் மெல்ல வைத்துக்கொண்டான். அவள் குரல் அடங்கியது.

தங்கை மறுபடியும் பாடினாள். பெடல் அதை வாங்கி, ஒரு தேன்கூடே ரீங்கரிப்பதுபோல அறை முழுக்க நிரப்பியது.

பாட்டு முடிந்ததும் தங்கை பயந்துகொண்டே கேட்டாள்: "அக்கா, நான் பாடினதைக் கேட்டியா?"

"கேட்டேன்டி," என்றாள் அக்கா. "இன்னைக்குத்தான் கேட்டேன்."