நேரலைக்கு ஒரு கேபிள்

"இதவிடக் கொறஞ்ச வெலையில ஒண்ணும் இல்லையா பாய்?"

தாவூத் எடுத்துப் போட்ட மூன்று கேபிள்களையும் புஷ்பவல்லி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று தடியாக, துணி சுற்றி, முனையில் தங்க நிறத்தோடு இருந்தது. இன்னொன்று சாதாரணக் கறுப்பு. மூன்றாவது சப்பாத்துக் கயிறு மாதிரி மெலிசு.

மலேசியாவின் கிள்ளான் நகர லிட்டில் இந்தியாவில், சேலைக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது தாவூத்தின் கடை. வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார் புஷ்பவல்லியின் கணவர் ரெங்கசாமி. உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"எதோட எதச் சேக்கணும், அக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"வீட்டுக்குப் புது டிவி வந்திருக்கு. பக்கத்து வீட்டு வாணி டீச்சர் லேப்டாப் தரேன்னாங்க. அதுல வர்ற படம் டிவியில தெரியணும்."

"அப்ப எச்டிஎம்ஐ கேபிள்தான். டிவியிலயே இன்டர்நெட் வராதா?"

"வராதாம். பாக்கத்தான் பெரிசு. சாதா டிவிதானாம்."

"நீங்க வாங்கினதா?"

"மகன் வாங்கினது. தனேஷ். பெட்டாலிங் ஜெயாவுல பெரிய கம்பெனியில இருக்கான். நாங்க கேக்கவே இல்ல, லோரியில ஏத்தி வீட்டுக்கே அனுப்பிட்டான்."

"கொடுத்து வச்சவங்க லா நீங்க. எம் மகனெல்லாம் எனக்கு ஒரு பல்புகூட வாங்கித் தந்ததில்ல."

ரெங்கசாமி முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாவூத் அவரை எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் எங்க ஏரியாவுல குப்பை லோரி ஓட்டினவர்தானே?"

"ஆமா." புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த லோரிதான் தனேஷப் படிக்க வச்சது."

தாவூத் தங்க முனைக் கேபிளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். "இது உங்களுக்கு வேணாம். வெலை அறுபது வெள்ளி. தங்கம் பூசினா படம் ஒண்ணும் ஜொலிக்காது. இந்த மெலிசு பத்து வெள்ளிதான், ஆனா கொஞ்சம் மடங்கினாப் போச்சு, படம் விட்டு விட்டு வரும்."

"விட்டுப் போகக் கூடாது பாய். லைவ் அது. நாளைக்குக் காலையில."

"பந்து மேட்சா? அண்ணனுக்கா?"

"ரெண்டு பேரும்தான் பாக்கறோம்," என்றாள் புஷ்பவல்லி. "அர நிமிஷம்கூட விட்டுப் போகக் கூடாது."

"அப்ப கறுப்ப எடுத்துக்குங்க. இருபது வெள்ளி. ரெண்டு மீட்டர் இருக்கு, போதும்."

"சத்தத்துக்கு வேற ஒயர் வாங்கணுமா?"

"வேணாம் லா. சத்தமும் இதுலயே வரும்."

"ஒரு தடவ மாட்டிக் காட்டுங்க."

தாவூத் கடை டிவியில் கேபிளைச் செருகிக் காட்டினார். யாரோ ஒருத்தி சமையல் செய்துகொண்டிருந்தாள். வெங்காயம் வதங்கும் சத்தம்கூடக் கேட்டது. புஷ்பவல்லி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"கறுப்பு நல்லா இருக்கு. வாங்கிறவா?"

"ஒண்ணும் வேணாம்," என்றார் ரெங்கசாமி. "ஒயர் வாங்கி மாட்டித்தான் பாக்கணுமா அத?"

"பாக்கணும்."

"ஒனக்கு ரோஷமே கெடையாதா?"

விலையைக் கேட்டுத்தான் அவர் கோபப்படுகிறார் என்று தாவூத் நினைத்துவிட்டார். "அண்ணே, கோச்சுக்காதீங்க. பதினஞ்சு குடுங்க, போதும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

கேபிளை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறியதும் ரெங்கசாமி திரும்பாமலே சொன்னார். "இந்தக் காசுக்கு ரெண்டு பேரும் ரயில் ஏறியிருக்கலாம்."

"ஏறி?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை வாணி டீச்சர் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். நீலமாகக் கிடந்த திரையில் சட்டென்று படம் வந்தது. புஷ்பவல்லி கட்டியிருந்த பட்டுப் புடவையை டீச்சர் ஒரு தரம் பார்த்தார். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

நாதஸ்வரம் வீட்டை நிறைத்தது. மேடை முழுக்க வெள்ளை ஆர்க்கிட். வரிசை வரிசையாகப் பழத்தட்டுகள். முன் நாற்காலிகளில் கோட்டும் நகையுமாக ஆட்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புஷ்பவல்லி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கைலியும் பனியனுமாக இருந்த ரெங்கசாமி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கம் மட்டும் புரளவே இல்லை.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க," என்றாள் அவள். "கேபிள் நல்ல கேபிள்தான்."

பேப்பர் மெல்ல இறங்கியது. அவரும் பார்க்கத் தொடங்கினார்.

மேளம் நின்றது. குருக்கள் மைக்கை வாங்கினார்.

"மாப்பிள்ளையோட அப்பா அம்மா மேடைக்கு வாங்க."

புஷ்பவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

திரையில், யாரென்றே தெரியாத, கோட்டு போட்ட ஒருவரும் அவர் மனைவியும் படியேறி மேடைக்கு வந்தார்கள்.

ரெங்கசாமி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு புஷ்பம். பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபத்துல, அத்தன பேரு முன்னால, நாம போய் நின்னுறக் கூடாதுன்னுதானே நம்ம மகன் இந்த டிவிய வாங்கி அனுப்பினான்."