நூல்கண்டுக்குள் ஒளிந்த ஊசி

கைப்பைக்குள் இருந்த நூல்கண்டும் குரோஷா ஊசியும் முதல்முறையாக விமானம் ஏறப் போயின. பாதி பின்னிய குழந்தைக் குல்லாவை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

“சோதனையில உன்னைப் பிடுங்கிட்டா குல்லா அவ்வளவுதான்டா. எனக்குள்ள ஒளிஞ்சுக்கோ,” என்றது நூல்கண்டு.

ஊசி ஒளிந்துகொண்டது. எக்ஸ்ரே திரையில் நூல் உருண்டைக்குள் கம்பி தெரிந்ததும் காவலர்கள் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

“ஐயோ, நம்மளை வெடிகுண்டுன்னு நெனைச்சுட்டாங்க!” என்று அலறியது நூல்கண்டு.

பயந்த ஊசி தானே வெளியே தலை நீட்டியது.

“அட, குரோஷா ஊசியா? இதை மேலேயே வச்சிருக்கலாமே!” என்று காவலர் சிரித்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

விமானம் எழும்பியது.

“டேய், மேகம்டா!” என்று கத்தியது ஊசி.

“கத்தாதே, குனி! பணிப்பெண் வர்றாங்க!”

ஊசி குனியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே குல்லாவில் அடுத்த பின்னலைப் போட்டது.